பொனேரா கோசுமெலா? மார்ச்சுல டைவிங் போக எந்தக் கரீபியன் தீவு?

வந்த கேள்வி, 11 நவம்பர் 2024

"அண்ணே, டாலஸ்ல இருக்கோம். மார்ச் மூணாவது வாரம் எட்டு நாள் லீவு போட்டிருக்கோம். நான் 40 டைவ் முடிச்சிருக்கேன், மனைவி போன மாசம்தான் ஓப்பன் வாட்டர்ங்கற முதல் கட்ட டைவ் கோர்ஸ் முடிச்சாங்க, மொத்தம் 6 டைவ். டச்சுத் தீவு பொனேர்தான் பெஸ்டுன்னு ஒரு கூட்டம், மெக்சிகோ தீவு கோசுமெல்தான்னு இன்னொரு கூட்டம், நடுவுல கேமன், ரோவாட்டான்னு வேற சொல்றாங்க. எங்க பவளமும் மீனும் நிறைய இருக்கோ அது போதும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

11 நவம்பர் 2024, இரவு 9.40

பொனேர். இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

ஏர்போர்ட்ல இறங்குறீங்க, வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டி எடுக்கறீங்க, பின்னாடி ஆறு காத்து டேங்க் ஏத்திக்கறீங்க, அவ்வளவுதான், அந்த வாரம் பூரா கடல் உங்களுது. ரோட்டோரமா மஞ்ச பெயின்ட் அடிச்ச கல்லு இருக்கும், அதுல அந்த எடத்தோட பேரு எழுதியிருக்கும், வண்டிய ஓரங்கட்டி டேங்க மாட்டிக்கிட்டு நடந்தே கடலுக்குள்ள போயிட வேண்டியதுதான். போட் கிடையாது, காலைல ஏழரைக்கு வந்து நில்லுன்னு சொல்ல ஆள் கிடையாது. கரையில இருந்து கொஞ்ச தூரம் நீந்தினா பத்து மீட்டர் ஆழத்துல ரீஃப், அதாவது பவளத்திட்டு, சரிய ஆரம்பிச்சுடும். 1979-லயே தீவச் சுத்தி அறுபது மீட்டர் ஆழம் வரைக்கும் மெரைன் பார்க் ஆக்கிட்டாங்க. கையுறை போட்டுட்டு இறங்கக்கூட விட மாட்டாங்க, கையுறை இருந்தா பவளத்தப் பிடிச்சுக்கத் தோணும்ல, அதான்.

நான் 2017-ல ஒரு தடவை, 2023 டிசம்பர்ல ஒரு தடவை போனேன். கோசுமெலுக்கு மூணு தடவை. கணக்குல கோசுமெல் ஜாஸ்தி, ஆனாலும் என் ஓட்டு பொனேருக்கு.

11 நவம்பர், இரவு 11.25

இப்பதான் கேள்விய மறுபடி படிச்சேன். மனைவிக்கு ஆறே டைவ். அந்த வரிய எப்படித் தாண்டிப் போனேன்னே தெரியல. மேல சொன்னத அப்படியே நிறுத்தி வையுங்க, டிக்கெட் கிக்கெட் போட்டுடாதீங்க.

13 நவம்பர்

கோசுமெல் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

அங்க கிட்டத்தட்ட எல்லாமே ட்ரிஃப்ட் டைவ். நீங்க நீந்த வேண்டியதில்ல, நீரோட்டம் இழுத்துட்டுப் போகும், போட் உங்க காத்துக் குமிழியப் பாத்துக்கிட்டே மேல வந்துட்டிருக்கும், எங்க எழும்பறீங்களோ அங்க வந்து ஏத்திக்கும். எங்க மாமா ஒருத்தர் தூத்துக்குடியில சங்கு குளிக்கப் போனவர், இந்த நீரோட்டத்த அவர் நீவாடும்பார். நீவாடு ஜாஸ்தியா இருந்தா அன்னிக்கு வேல இல்லன்னு வீட்டுல உக்காந்திருப்பார். கோசுமெல்ல அந்த நீவாடத்தான் காசு வாங்கிட்டு விக்கிறாங்க, மாமாகிட்ட சொன்னா நம்ப மாட்டார்.

2014-ல முதல் தடவை போனப்ப நான் பதினோரு டைவ்தான் முடிச்சிருந்தேன். சான்டா ரோசா வால், அதாவது தண்ணிக்குள்ள செங்குத்தா கீழ போற ஒரு பவளச் சுவர். போட்ல இருந்து முதுகுப்பக்கமா விழுந்து எல்லாரும் ஒண்ணா இறங்கணும், மேல தங்கிட்டா கூட்டத்த விட்டுப் போயிடுவீங்க. எனக்குக் காது அடைச்சுக்கிச்சு, மூக்கப் பிடிச்சு ஊதி ஊதி சரி பண்ணி ஒரு வழியா கீழ போனா, வால் ஓரமா வந்துட்டோம். குனிஞ்சு பாத்தேன். நீலம், அதுக்குக் கீழ கருநீலம், அதுக்குக் கீழ கண்ணுக்கு ஒண்ணுமே தட்டுப்படல. அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு, மூச்சு தானா வேகமாயிருச்சு. டேங்க்ல காத்து எவ்வளவுன்னு பார் கணக்குலதான் சொல்லுவாங்க, இருநூறு பார்ல ஆரம்பிச்ச டேங்க், கேஜப் பாத்தா அறுபது. இருபத்தெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. டைவ் மாஸ்டர்கிட்ட சைகை காட்டினேன். மனுஷன் முகத்துல எந்த மாத்தமும் இல்லாம அவரோட டேங்க்ல இருந்து மூச்சு விடற ஸ்பேர் ரெகுலேட்டர எடுத்து என் வாயில குடுத்தார், என் பிசிடி, அதாவது காத்து அடிச்சு மிதக்கற ஜாக்கெட், அதோட பட்டையப் பிடிச்சுக்கிட்டார், அழுதுகிட்டு ஸ்கூலுக்குப் போற பையன இழுத்துட்டுப் போற மாதிரி மீதி டைவ முடிச்சு, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்க வச்சு மேல கூட்டிட்டு வந்தார். பக்கத்துல எங்க வீட்டம்மா கையக் கட்டிக்கிட்டு ஜம்முனு மிதந்துட்டு வர்றாங்க. அவங்க கேஜுல நூத்தி இருபது.

நீரோட்டம்னா பயம்தான், ஆனா பிடிச்சுக்க ஒரு ஆள் இருந்தார்ங்கறதுதான் விஷயம். அங்க மெரைன் பார்க்ல கைடு இல்லாம இறங்க முடியாது. பொனேர்ல முதல் நாள் எடத்தப் பழகிக்க ஒரு ஓரியன்டேஷன் டைவ், அதுக்கப்புறம் நீங்களும் உங்க ஜோடி டைவரும்தான்.

இன்னொண்ணு. கோசுமெல்ல காலைல ரெண்டு டேங்க். முதல் டைவ் வால், ரெண்டாவது ஆழம் கம்மியா பரடைஸ் ரீஃப் மாதிரி எடம், பன்னெண்டு மீட்டர் சுமாருக்கு, மணலும் அங்கங்க பாறைத்திட்டும். அது வேஸ்ட். காசு குடுத்துட்டோமேன்னு இறங்கறது. நான் பாதித் தூக்கத்துல மிதந்திருக்கேன்.

14 நவம்பர்

திருத்தம். வீட்டம்மா பழைய லாக் புக்க எடுத்துட்டு வந்து காட்டறாங்க. இருபத்தெட்டு நிமிஷம் இல்லயாம், இருபத்திரெண்டு.

17 நவம்பர்

இப்ப பொனேர். முதல் நாள் நான் எழுதினத படிச்சா ஏதோ மெரினாவுல கால் நனைக்கற மாதிரி நடந்து போயிடலாம்னு தோணும். அது என் தப்பு.

கரை பூரா செத்த பவளத்துண்டு, வெள்ளை வெள்ளையா எலும்பு மாதிரி, கால வச்சா உருளும். அதத் தாண்டினா கெட்டியான பாறைத் தட்டு, மேல பாசி, நடுநடுவுல முட்டி அளவு குழி, தண்ணிக்குள்ள இருக்கறதால குழி எதுன்னு தெரியாது. முதுகுல டேங்க் மட்டும் பதினஞ்சு கிலோ, இடுப்புல ஈயம், கைல ஃபின், கால்ல மாட்டற துடுப்பு. 2017-ல தெக்கால ஒரு எடத்துல இறங்கினோம், பெரிய அலைகூட இல்ல, முட்டி அளவுக்கு ஒண்ணு வந்துச்சு, நான் சப்பணங்கால் போட்டு உக்காந்துட்டேன். எந்திரிக்கப் பாத்தா டேங்க் பின்னாடி இழுக்குது, கவுந்து போன ஆமை மாதிரி. அடுத்த அலை. ஒரு ஃபின் மிதந்து போகுது. முழங்கால்ல பவளம் கீறின தழும்பு இப்பவும் இருக்கு, ரெண்டு வாரம் ஆறாம சீழ் வச்சுக்கிட்டே இருந்துச்சு, பவளக் கீறல் அப்படித்தான்.

அதுக்கப்புறம் பக்கத்துல ஒரு வயசான டச்சு தம்பதி இறங்கறதப் பாத்துக் கத்துக்கிட்டேன். ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு, பிசிடில காத்து அடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல நண்டு மாதிரி ஒவ்வொரு காலா தடவித் தடவி வச்சுப் போனாங்க. தண்ணி நெஞ்சளவு வந்ததும் மல்லாக்க சாஞ்சு மிதந்துக்கிட்டே ஃபின் மாட்டினாங்க. எழுபது வயசு இருக்கும் ரெண்டு பேருக்கும். எனக்கு வெக்கமாப் போச்சு.

தௌசண்ட் ஸ்டெப்ஸ்னு ஒரு எடம். ஆயிரமெல்லாம் கிடையாது, எழுபது சொச்சம் படிதான். பழனி ஏறின கால்தானேன்னு நினைச்சேன். பழனிக்கு டேங்க் தூக்கிட்டுப் போகல. காவடியும் அலகும் சேந்த மாதிரி இருந்துச்சு மேல வர்றப்ப.

அன்னிக்கு சாயந்தரம் இன்னொரு எடத்துல டைவ் முடிச்சுட்டு வந்தா வண்டில வச்சிருந்த செருப்பையும் புளியோதரை டப்பாவையும் காணோம். பசியோட, வெறுங்காலோட, கொதிக்கற பெடல மிதிச்சுக்கிட்டு ரூமுக்கு வந்தேன். திருட்டு அங்க உண்டு, அதனாலதான் எல்லாரும் கண்ணாடிய இறக்கி விட்டு, கதவப் பூட்டாம, உள்ள ஒண்ணுமே வைக்காம விட்டுட்டுப் போறாங்க. பூட்டி வச்சா கண்ணாடி போகும், அதுக்கும் நம்மதான் காசு கட்டணும்.

18 நவம்பர்

ஒருத்தர் கோச்சுக்கிட்டார், ஒரு டப்பா புளியோதரைக்காக ஒரு தீவையே திருட்டு ஊருன்னு எழுதலாமான்னு. அப்படி எழுதலயே. வண்டில எதுவும் வைக்காதீங்கன்னு அங்க உள்ளவங்களே சொல்றாங்க.

19 நவம்பர்

சரி, மன்னிப்பு. வீட்டம்மா இப்ப சொல்றாங்க, அது மனுஷன் இல்ல, கழுதையாம். பொனேர்ல கழுதைங்க காட்டுல தெருவுல எல்லாம் தன் இஷ்டத்துக்குத் திரியும், அந்தக் காலத்துல உப்புச் சுமக்கக் கொண்டு வந்தது. டப்பா மூடி பல்லு பட்டு நசுங்கி புதருக்குள்ள கிடந்தத அன்னிக்கே பாத்தாங்களாம். ஏழு வருஷமா ஏன் சொல்லலன்னு கேட்டா, "நீங்கதான் போலீஸ் வரைக்கும் போவேன்னு குதிச்சுட்டிருந்தீங்களே"ங்கறாங்க. செருப்பு மட்டும் யார் எடுத்தாங்கன்னு அவங்களாலயும் சொல்ல முடியல.

24 நவம்பர்

மத்த தீவெல்லாம் கேட்டிருந்தீங்க, ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

கிராண்ட் கேமன்: நல்ல எடம், தெளிஞ்ச தண்ணி, எல்லாம் ஒழுங்கா இருக்கும், பர்ஸ் காலி ஆயிடும். அவங்க டாலர் ஒண்ணு அமெரிக்க டாலர்ல 1.20. மெனுவுல விலையப் பாத்து பரவால்லயேன்னு சாப்புட்டுட்டு பில்லு வர்றப்ப முழிப்பீங்க. இடுப்பளவு தண்ணியில திருக்கைங்க வந்து கால உரசற அந்த மணல்திட்டு குழந்தைங்களுக்கு சூப்பர். 2011-ல கிட்டிவேக்னு ஒரு பழைய அமெரிக்க நேவி கப்பல டைவருக்காகவே மூழ்கடிச்சு வச்சிருக்காங்க. நிஜமான சரக்கு லிட்டில் கேமன்ல, பிளடி பே வால், ஆறேழு மீட்டர்லயே விளிம்பு ஆரம்பிச்சு அப்படியே செங்குத்தா கீழ போகுது. அதுக்கு இன்னொரு குட்டி பிளைட் ஏறணும்.

ரோவாட்டான், யூட்டிலா: ஹோண்டுராஸ். விலை கம்மி. யூட்டிலாவுல பாதி ஊர் டைவ் கோர்ஸ் படிக்கற பசங்கதான். மணல் ஈ கடிக்கும் பாருங்க, கொசுவே தேவலாம்னு ஆயிடும்.

பெலிஸ் ப்ளூ ஹோல்: வேணாம். ஆறு டைவ் முடிச்சவங்களுக்குக் கண்டிப்பா வேணாம். கடலுக்குள்ள வட்டமா ஒரு ஆழக் குழி, மேல இருந்து பாக்க அழகு, முன்னூறு மீட்டருக்கு மேல அகலம். ஆனா அந்தத் தொங்கற சுண்ணாம்புப் பாறையெல்லாம் நாப்பது மீட்டர் ஆழத்துல. ஓப்பன் வாட்டருக்கு எல்லை பதினெட்டு. அட்வான்ஸ்டு முடிச்சாலும் முப்பதுதான்.

டொபேகோ, டொமினிக்கா: நான் போனதில்ல, போகாத எடத்தப் பத்தி பேச மாட்டேன்.

25 நவம்பர்

சபான்னு கரீபியன்ல இருக்கற டச்சுத் தீவ விட்டுட்டீங்கன்னு திட்டு. விடல, வேணும்னே தள்ளி வச்சேன். பதிமூணு சதுர கிலோமீட்டர்ல ஒரு மலை, அதச் சுத்திக் கடல், வருஷம் பூரா இருக்கற பெரிய பீச்னு ஒண்ணு கிடையாது. ரன்வே 400 மீட்டர், ரெண்டு பக்கமும் பாறை முடிஞ்சா கடல், பிளைட் இறங்கறப்ப எனக்குத் தெரிஞ்ச எல்லா சாமியையும் கூப்பிட்டேன். கீழ இருந்து ஊசி மாதிரி எழும்பற எரிமலைப் பாறைங்க, அதோட உச்சியே முப்பது மீட்டர் ஆழத்துலதான் ஆரம்பிக்குது. தம்பி நீங்க தனியா போறதா இருந்தா சொல்லியிருப்பேன்.

1 டிசம்பர்

கேள்விய விட்டு விலகித்தான் போறேன், இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல. குவாதலூப்.

2019-ல போனோம். பிரெஞ்சுத் தீவு, யூரோ ஓடுது. புயாந்த்னு ஒரு ஊருக்கு எதிர்த்தாப்புல பிஜன் தீவு, அந்தக் கடலத்தான் பிரெஞ்சு கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்டோ பேருல பாதுகாத்து வச்சிருக்காங்க, அவரோட சிலை ஒண்ணு தண்ணிக்கடியில இருக்கு. கடல் தரையில சூடா நீர் ஊத்து கொப்புளிக்கற எடமும் உண்டு, கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கும். டைவிங் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மனசுல நின்னது அது இல்ல.

கபெஸ்தேர் பக்கத்துல சாங்கின்னு ஒரு எடத்துல ரோட்டு மேலயே கோயில். வண்டிய நிறுத்திட்டு அப்படியே நின்னுட்டோம். 1854 கடைசியில இருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்த நம்ம ஆளுங்களோட வழியில வந்தவங்க கும்பிடறது. மாரியம்மன அவங்க மாலியெமென்ம்பாங்க. வாசல்ல இருந்த ஒரு பெரியவர்கிட்ட தமிழ்ல பேசினேன், அவருக்குப் புரியல, சிரிச்சுக்கிட்டே பிரெஞ்சுல ஏதோ சொன்னார், எனக்குப் புரியல. எங்க வீட்டம்மா நெத்தில இருந்த குங்குமத்தக் காட்டினாங்க, அவர் உள்ள போய் தட்டுல திருநீறு கொண்டு வந்து குடுத்தார். ராத்திரி ஓட்டல்ல கொலம்போன்னு ஒரு கோழிக்குழம்பு, மல்லி மஞ்சள் சீரகம் எல்லாம் போட்டது. நம்ம குழம்புதான், காரம் மட்டும் வரலாறுல எங்கயோ தொலைஞ்சு போச்சு.

ஆறு டைவ் முடிச்சவங்களுக்கு இந்தத் தீவு சரியா வருமான்னா, வரும். மார்ச்சுக்கு? டாலஸ்ல இருந்து பிளைட் மாறித்தான் போகணும். வேணாம்.

8 டிசம்பர்

திரும்பக் கேள்விக்கு வர்றேன். "எங்க பவளமும் மீனும் நிறைய இருக்கோ அங்க". இந்த ஒரு வரிதான் ஆரம்பத்துல இருந்தே உறுத்திட்டிருக்கு.

ஸ்டோனி கோரல் டிஷ்யூ லாஸ்னு ஒரு நோய். 2014-ல ஃபுளோரிடாவுல ஆரம்பிச்சுது. 2018-ல மெக்சிகோ பக்கம் வந்துச்சு. 2023-ல பொனேர். மூளை மாதிரி மடிப்பு மடிப்பா இருக்குமே அந்தப் பவளம், தூண் மாதிரி எழும்புமே அது, இதையெல்லாம் சில வாரத்துல தின்னுட்டுப் போயிடுது. அதே 2023-ல கடல் சூடு வேற, வெளுத்துப் போனது தனிக் கணக்கு. அந்த டிசம்பர்ல நான் இறங்கினப்ப ஒரு மூளைப் பவளம், லாரி டயர் சைஸ் இருக்கும், முக்கால்வாசி எலும்பு வெள்ளை, ஓரத்துல ஒரு கை அகலத்துக்கு மட்டும் உயிரோட பழுப்பு நிறம். அந்தக் கோட்டுக்கு மேல போன வாரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும். அந்த வெள்ளை மேல ஏற்கனவே பச்சையா பாசி படிய ஆரம்பிச்சிருந்துச்சு. ஒவ்வொரு டைவ் முடிஞ்சதும் சாமானையெல்லாம் மருந்து கலந்த தண்ணியில முக்கி எடுக்கச் சொன்னாங்க, ஒரு எடத்து நோய இன்னொரு எடத்துக்கு நாமளே தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு.

கோசுமெலும் தப்பிக்கல. 2019 அக்டோபர்ல தெக்கு ரீஃபுங்கள, பாலாங்கார் கொலம்பியா எல்லாம், கொஞ்ச காலத்துக்கு மூடியே வச்சாங்க.

அதனால பத்து வருஷம் முந்தி எடுத்த போட்டோவப் போட்டு இந்தத் தீவுதான் முதல் எடம்னு எழுதறத நம்பி முடிவு பண்ணாதீங்க. மீன் ரெண்டு எடத்துலயும் இருக்கு, ஆமை ரெண்டு எடத்துலயும் இருக்கு. தண்ணிக்குள்ள எப்படி இறங்கப் போறீங்க, எப்படி வெளிய வரப் போறீங்க, அதப் பாருங்க. உங்க மனைவிக்கு அதுல எது பயம், எது பயமில்லன்னு பாருங்க.

பொனேர்ல பவளத்த விட எனக்குப் பிடிச்சது சால்ட் பியர், அதையும் சொல்லிடறேன். உப்பு ஏத்தற ஜெட்டி, கப்பல் நின்னா இறங்க விட மாட்டாங்க, இல்லாத நாள்ல தூணுக்கு நடுவுல போகலாம், தூண் பூரா ஆரஞ்சு மஞ்சள்னு ஸ்பான்ஜ், அதாவது கடற்பஞ்சு, மூடியிருக்கும், மேல இருந்து வெயில் கோடு கோடா இறங்கும். வெளிய வந்து தலையத் தூக்கினா வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல், இந்தப் பக்கம் ரோஸ் கலர் பாத்தி. தூத்துக்குடிக்காரன் நான், ஒரு நிமிஷம் எங்க இருக்கேன்னே புரியல. கொஞ்சம் தள்ளி ரோட்டோரத்துல வரிசையா குட்டிக் குட்டிக் கல் வீடு. 1850-ல உப்பு வெட்டின அடிமைங்களுக்குக் கட்டினது. வாசல் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல. குனிஞ்சு உள்ள போய்ப் பாத்தேன், நிமிர முடியல. வாரக் கடைசியில ரிங்கோன்ங்கற ஊர்ல இருக்கற குடும்பத்தப் பாக்க மணிக்கணக்கா நடந்து போவாங்களாம். 1863-லதான் விடுதலை. எதிர்ல டைவர்ங்க டேங்க கழட்டி வச்சுட்டு பீர் குடிச்சுட்டிருந்தாங்க, நானும்தான்.

15 டிசம்பர்

துண்டு துண்டா சில பதில்.

புயல்: உங்களுக்கு மார்ச், கவலையே வேணாம், சீசன் ஜூன் டூ நவம்பர். பொனேர் வட அட்சரேகை பன்னெண்டு டிகிரில இருக்கறதால அங்க புயல் அபூர்வம்னு சொல்லுவாங்க, அபூர்வம்தான். ஆனா இந்த வருஷம் ஜூலை 1 பெரில் புயல் புரட்டிப் போட்ட கிரெனடாவோட கரியாகூ தீவும் பன்னெண்டரை டிகிரிதான்.

காத்து: கோசுமெல்ல குளிர்காலத்துல வடக்குக் காத்து அடிச்சா துறைமுகத்தையே மூடிடுவாங்க, போட் போகாது. மார்ச்லயும் ஒரு நாள் ரெண்டு நாள் போகலாம். பொனேர்ல ஒரு எடம் அலையா இருந்தா வண்டிய எடுத்துட்டு அடுத்த மஞ்சக் கல்லுக்குப் போயிடலாம்.

காசு: பொனேர்ல உள்ள நுழைய ஆளுக்கு 75 டாலர், கடல்ல இறங்க 40 டாலர், நான் போனப்ப. அமெரிக்க டாலரே ஓடும்.

விசா: அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா மெக்சிகோவுக்குத் தனியா வேணாம். பொனேர் நெதர்லாந்துதான், ஆனா ஐரோப்பாவோட ஷெங்கன் விசா பகுதியில வராது, அந்தத் தீவுங்களுக்குத் தனி விதி, உங்க பாஸ்போர்ட்டுக்கு என்னன்னு பாத்துக்குங்க.

5 ஜனவரி 2025

முடிவு கோசுமெல்னு எழுதலாம்னு உக்காந்தேன். காலண்டரப் பாத்துத் தொலைச்சேன். மார்ச் 14 பௌர்ணமி. நீங்க போறது 15-ல இருந்து.

பொனேர்ல பௌர்ணமி முடிஞ்சு ரெண்டுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள, சூரியன் விழுந்து முக்கா மணி நேரத்துல, நிலா எழும்பறதுக்கு முந்தி, கடல்ல ஒண்ணு நடக்கும். கடுகு சைஸ்ல ஒரு உயிரு, ஆஸ்ட்ரகோட்னு பேரு, ஆணுங்க பொண்ணக் கூப்புட வெளிச்சத்தப் புள்ளி புள்ளியா துப்பிக்கிட்டே மேல போகும். டார்ச்ச அணைச்சுட்டு ஆழம் கம்மியான எடத்துல சும்மா நிக்கணும். முதல்ல மை இருட்டு. அப்புறம் ஓரமா ஒரு நீலப்புள்ளி, அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, யாரோ நூல்ல மணி கோக்கற மாதிரி. கண்ணு பழகினப்புறம் சுத்தி எங்க பாத்தாலும் அந்த மணிச்சரம்தான். வீட்டம்மா என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தது பயத்துல இல்லன்னு நினைக்கறேன்.

திரும்பி வர்றப்ப டார்ச்சப் போட்டா பக்கத்துல என் உயரத்துக்கு ஒரு மீனு, வெள்ளித் தகடு மாதிரி, கண்ணு இம்மாம் பெருசு. டார்பன். நம்ம டார்ச் வெளிச்சத்துல சின்ன மீனுங்களப் பிடிச்சுத் திங்க அதுங்க நம்ம தோளுக்குப் பின்னாடியே வரும். நீங்க எந்த மீன் மேல வெளிச்சம் அடிக்கறீங்களோ அது காலி. நான் தெரியாம ஒண்ணு ரெண்ட காட்டிக் குடுத்துட்டேன்.

இதப் பாக்கறதுக்காகவாவது பொனேர் போங்க. இல்ல, வேணாம். ராத்திரி டைவ், கைடு இல்ல, ஆறு டைவ். தெரியல, நாளைக்கு எழுதறேன்.

6 ஜனவரி

வீட்டம்மா சொல்லச் சொல்ல டைப் பண்றேன், ஒரு வார்த்தைகூட மாத்தல:

"ரெண்டு மாசமா ரெண்டு ஆம்பளைங்களும் அந்தப் பொண்ணுக்கு ஆறு டைவ், ஆறு டைவ்னு பேசிட்டு இருக்கீங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது என்ன வேணும்னு கேட்டீங்களா? கோசுமெல்ல காத்து தீந்து போனது இவருக்கு. பொனேர்ல வழுக்கி உக்காந்தது இவரு. எனக்கு ரெண்டு எடத்துலயும் ஒண்ணும் ஆகல. எனக்குக் கஷ்டமா இருந்தது டேங்கத் தூக்கிட்டு நடக்கறதுதான், முதுகு வலி, தண்ணிக்குள்ள போயிட்டா கனமே தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட போன குடுங்க."

9 ஜனவரி

குடுத்தாச்சாம். பதில் வந்துடுச்சு. நீரோட்டம் பரவால்ல அக்கா, சொமக்கறதும் பாறைல நடக்கறதும்தான் வேணாம், ராத்திரி இருட்டுல கண்டிப்பா முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. கோசுமெல். அஞ்சே நிமிஷம் பேசினாங்க.

20 ஜனவரி

புக் பண்ணிட்டீங்கன்னு பாத்தேன். ஆளுக்கு ஒரு சிக்னல் டியூப் சொந்தமா வாங்கிக்குங்க, அந்த ஆரஞ்சு கலர் நீளமா ஊதறது. நீரோட்டத்துல பிரிஞ்சு மேல வந்தா போட்காரர் கண்ணுல படறது அது மட்டும்தான். சின்ன போட்டா பாருங்க, ஆறு எட்டு பேருக்கு மேல ஏத்தாதவங்களா. முதல் நாளே சான்டா ரோசா கேக்காதீங்க, பாலாங்கார் கார்டன்ஸ் கேளுங்க. கடைசி டைவுக்கும் பிளைட்டுக்கும் நடுவுல பதினெட்டு மணி நேரம் விடணும், அன்னிக்கு சான் ஹெர்வாசியோ போய் மாயன் இடிபாடு பாத்துட்டு வாங்க. சைவமா இருந்தா பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போட்டிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்குங்க, நாங்க மூணாவது நாள்தான் கேட்டோம்.

அந்த ஊருக்குன்னே ஒரு மீன் இருக்கு, ஸ்ப்ளெண்டிட் டோட்ஃபிஷ். உடம்புல வரிவரியா, துடுப்பு ஓரம் பளிச்சுனு மஞ்சள், தாடி வச்ச கிழவன் மாதிரி பாறைப் பொந்துக்குள்ள உக்காந்திருக்கும். மூணு ட்ரிப்ல எனக்கு ஒண்ணுகூட மாட்டல. பாத்தா சொல்லுங்க.

30 மார்ச்

வந்துட்டாங்க. ஒரு நாள் காத்துல போட் போகல, மத்த நாளெல்லாம் போயிருக்காங்க. ஒவ்வொரு டைவ்லயும் அவரு அம்பது பாருக்கு வந்து மேல போலாம்னு காட்டறப்ப அந்தம்மாவுக்குத் தொண்ணூறு நூறு மிச்சமாம். என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டார், ஆறுதல் சொல்லத் தகுந்த ஆளுதான் நான்.

டோட்ஃபிஷ் ரெண்டு பாத்தாங்களாம், கண்டுபிடிச்சது அந்தம்மா. எந்த ரீஃப்லன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டு, "அண்ணே, அது வந்து, நீங்க வேஸ்ட்டுன்னு சொன்னீங்கல்ல, அந்த ரெண்டாவது டைவ்ல, பரடைஸ்ல"ங்கறார். ரெண்டும் ஒரே பொந்துக்குள்ளயாம்.